ஜாடிக்கு வைத்த பொட்டு

நீங்கள் அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஜப்பான் ஜாடியின் கதையை உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆயுத பூஜையன்று துப்புரவு வேலை செய்யும் ஒரு பெண்மணி பக்தி மேலிட்டு ஜப்பானிய மண் ஜாடிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். ஜாடியைக் கடன் கொடுத்த ஜப்பான் அருங்காட்சியகத்திலிருந்து வந்திருந்த பிரதிநிதி அதைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். இரண்டு பண்பாடுகள் அந்த இடத்தில் சந்தித்துக்கொண்டன. சொன்னவர் இயக்குநராக இருந்தால் இந்த இடத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பார்.

நான் அந்தக் கூடத்தில் இருந்தேன். யாரும் நெகிழவில்லை.

உங்களில் ஒருத்தி போன் செய்து, "அக்கா, உங்க அனுபவத்தைக் கொஞ்சம் எழுதிக் குடுங்களேன், புதுசா வந்த எங்களுக்கு உதவும்" என்று கேட்டாள். பணி அனுபவம் எழுதுகிறவர்களுக்குத் தலை நரைத்திருக்கும், பீரோவில் பொன்னாடைகள் சேர்ந்திருக்கும். எனக்கு முப்பத்திரண்டு வயது. பீரோவில் இருப்பதெல்லாம் மகளின் சட்டைகள். வேலையிலிருந்து வெளியே வந்தவள் என்ற ஒரு தகுதிதான் இருக்கிறது. எழுதினால் உங்களுக்கு ஏதாவது சங்கடம் வருமோ என்று ஒரு வாரம் தயங்கினேன். எழுதாவிட்டால் அந்த நெகிழ்ச்சிக் கதையை நீங்களும் அடுத்து வருகிறவர்களுக்குச் சொல்வீர்கள் என்று தோன்றியபோது உட்கார்ந்துவிட்டேன்.

பொருளை எப்படித் தூக்குவது, எப்படி வைப்பது, ஈரப்பதத்தை எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்குப் பயிற்சி உண்டு. மேலே உட்கார்ந்திருப்பவர்களிடமிருந்து பொருளைக் காப்பாற்றத்தான் பயிற்சி கிடையாது.

ஜாடி வந்த அந்தக் கண்காட்சியில் பொருள்களைப் பாதுகாக்கும் பொறுப்பு என்னுடையது. வந்தவை ஜப்பானிய கிராமத்துப் பாண்டங்கள். சோற்றுக் கிண்ணம், ஊறுகாய்ச் சாடி, விளக்கிலிருந்து சொட்டும் எண்ணெயை ஏந்தும் தட்டு, தேநீர்க் கெண்டி. வீட்டில் புழங்குவதற்காகச் செய்தவை, செய்தவர் தன் பெயரைக்கூடப் பொறிக்காதவை. இயக்குநருக்கு அதில் பிடித்துப்போன சொல் 'எளிமை'. எளிமையைப் பற்றி விவாதிக்க அவர் கூட்டிய கூட்டங்களெல்லாம் நட்சத்திர ஓட்டலில் நடந்தன. கூடத்தின் முதல் சுவரில் 'பெயரற்ற கைகளுக்கு வணக்கம்' என்று ஆளுயரத்துக்கு எழுதவைத்தார். அதற்குக் கீழே தன் பெயரைப் போட்டுக்கொண்டார். பெட்டிகளை இறக்கி வைத்த ஒப்பந்தத் தொழிலாளிகளை அவர் கடைசிவரை 'ஏய், ப்ளூ ஷர்ட்' என்றுதான் கூப்பிட்டார்.

எல்லாவற்றிலும் பெரியது விதைதானியம் போட்டு வைக்கும் ஒரு ஜாடி. என் இடுப்புயரம் இருக்கும். மேலே பளபளப்புப் பூச்சு எதுவும் கிடையாது. சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில், வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். பூச்சு இல்லாத மண் என்றால் மேலே எது பட்டாலும் உறிஞ்சிக்கொள்ளும். அதற்குக் கண்ணாடிக் கூண்டு வேண்டும் என்று இயக்குநரிடம் கேட்டேன்.

"கண்ணாடி போட்டா பொருளுக்கும் பாக்கறவங்களுக்கும் நடுவுல இருக்கிற உரையாடல் அறுந்துடும், நித்யா."

"யாராவது தொட்டுடுவாங்க சார்."

"தொடட்டுமே. மனசால தொடட்டும்."

மனசில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது, விரலில் இருக்கும் என்று சொல்ல வாய் வரை வந்தது. "சரி சார்" என்றேன். நான் அப்படித்தான். வீட்டுக்குப் போகும் ரயிலில் ஆவடி வரும்வரை, சொல்லியிருக்க வேண்டிய பதிலைத் திருத்தித் திருத்தி யோசித்துக்கொண்டே போவேன். என்னால் செய்ய முடிந்தது, ஆள் இல்லாத நேரத்தில் கூடத்தைப் பூட்டி, சாவியைக் காவலரிடம் கொடுத்து, யாரும் உள்ளே போகக் கூடாது என்று சொல்லி வைத்தது மட்டும்தான்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் ஆயுத பூஜை வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். லேத்துக்கு மாலை, லாரிக்கு வாழைக்கன்று, எடை மெஷின் வரைக்கும் பொட்டு. நம் அருங்காட்சியகமும் முதலாளியின் பழைய தொழிற்சாலைக் கொட்டகைதானே. அவர் ஜப்பான் கம்பெனிக்கு உதிரி பாகம் செய்து கொடுப்பவர், இந்தக் கண்காட்சியே அந்த நட்பில் வந்ததுதான். தொழிற்சாலையில் பூஜை நடந்தால் இங்கேயும் நடக்க வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. அதை 'ஃபேக்டரி பழக்கம்' என்று எங்களிடம் இளக்காரமாகச் சொல்லும் இயக்குநர், அன்று பட்டு வேட்டியில் வந்து நின்றார். வந்ததும் கலாக்காவைக் கூப்பிட்டார்.

"கலா, ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுடணும். முதலாளியம்மா வர்றாங்க. எதுவும் வெறும் நெத்தியா நிக்கக் கூடாது."

கலாக்காவை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். திருமழிசையிலிருந்து பஸ் மாறி வருகிறவர். கணவர் வேலை பார்த்த யூனிட்டை மூடியபின் வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான். காண்ட்ராக்டில் இருப்பவர் மீது ஒரு புகார் போனால் மறுநாள் அவர் இடத்தில் வேறொருவர் துடைப்பத்தோடு நிற்பார். அவருக்கும் அது தெரியும். அதனால் சொன்னதைச் சொன்னபடி செய்வார்.

அந்த நேரத்தில் நான் பொருள்கள் வைக்கும் பின்னறையைத் தாழிட்டுக்கொண்டு மகளுக்குத் தாய்ப்பாலைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது அவள் கைக்குழந்தை. பார்வையாளர்கள் மௌனமாக உட்காருவதற்கு ஒரு தனி மூலையை வடிவமைத்த கட்டடத்தில், வேலை செய்கிற பெண்ணுக்கு அந்தப் பின்னறையை விட்டால் இடமில்லை. பாட்டிலை மூடிவிட்டு வெளியே வந்தபோது கூடத்தின் கதவு திறந்திருந்தது.

உள்ளே கலாக்கா தட்டோடு இரண்டடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார். ஜாடியின் வயிற்றில் மூன்று சந்தனப் பொட்டு. வட்டம் பிசகாத பொட்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம்.

"என்னக்கா பண்ணிட்டீங்க?"

"இன்னா மேடம்? சாரு எல்லாத்துக்கும் வையின்னாரு. தீ அணைக்கிற சிலிண்டருக்கு வெச்சேன், ஏணிக்கு வெச்சேன். இத்த மட்டும் உட்டா நல்லாவா கீது?"

"இந்த ரூம் பூட்டியிருந்ததே."

"முதலாளியம்மா இதும் பக்கத்துல நின்னு போட்டோ புடிக்கணும்னாங்க. சாருதான் சாவி வாங்கித் தொறந்தாரு. போட்டோ புடிச்சிக்கினு ஃபேக்டரி பக்கம் போய்க்கீறாங்க." என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "வெக்கக் கூடாதா? இரு, தொடச்சி உட்டுர்றேன்."

முந்தானையை எடுத்து நுனியை எச்சில் தொட்டுவிட்டார். நான் ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்தேன்.

இயக்குநர் திரும்பி வந்ததும் ஜாடியைப் பார்த்தார். "யாரு இதைப் பண்ணது?" என்பது அவர் முதல் கேள்வி. "மிசாகி எங்க வர்றாங்க?" என்பது இரண்டாவது. ஜாடிக்கு என்ன ஆகியிருக்கிறது என்பது கேள்வியாகவே வரவில்லை. மிசாகி என்பவர்தான் கடன் கொடுத்த அருங்காட்சியகத்தின் பிரதிநிதி. விழாவுக்கு முன் கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் சரிபார்க்க அன்று வருவதாக ஏற்பாடு. ஓட்டலிலிருந்து கிளம்பிய கார் பாடி மேம்பாலத்தைத் தாண்டிவிட்டது என்று டிரைவர் சற்று முன்புதான் சொல்லியிருந்தார்.

"உங்க பையில குழந்தைக்கு வைப்ஸ் வெச்சிருப்பீங்கல்ல? எடுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

என் கை பைக்குள் போய்விட்டது. மேலதிகாரி சொன்னால் என் கை அப்படித்தான் தானாகப் போகும். ஈரமான துணி விரலில் பட்டதும் நின்றேன். மகளுக்குப் பெயர் வைத்த அன்று வெள்ளைச் சட்டையில் விழுந்த குங்குமத்தை நான் தண்ணீர் தொட்டுத் துடைத்திருக்கிறேன். ஒரு புள்ளி, சட்டையின் முன்பக்கம் முழுக்கச் சிவப்பாகப் படர்ந்தது. இப்போது கடையில் விற்பது குங்குமம் என்ற பெயரில் சாயம்.

"தண்ணி பட்டா பரவும் சார். உள்ள இறங்கிடும்."

"நீங்க எப்பவுமே நெகட்டிவ், நித்யா. சரி, சுவத்துப் பக்கமா திருப்பி வைங்க."

"அவங்களுக்கு அதோட எல்லாப் பக்கமும் மனப்பாடம் சார்."

எளிமையைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் மனிதர் அதற்குமேல் யோசிக்கவில்லை. போனை எடுத்துக் காண்ட்ராக்டரிடம், "அந்தம்மா இனிமே வேண்டாம். இன்னிக்கே கணக்கு முடிச்சுடுங்க" என்றார். கலாக்கா பக்கம் திரும்பி, "நீ கிளம்பு" என்றார்.

"சார், நீதான சார் சொன்ன?"

"காட்சிப் பொருளுக்கெல்லாம் வைன்னு சொன்னேனா? கிளம்பு, கிளம்பு."

என்னிடம், "டெம்பரரி ஸ்டாஃப், விஷயம் தெரியாம பண்ணிட்டாங்க, ஆளை எடுத்தாச்சுன்னு மிசாகிகிட்ட சொல்லிடுங்க. மேட்டர் க்ளோஸ்" என்றார்.

கலாக்கா அழவில்லை. தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். கீழே வைத்தால் குங்குமம் கொட்டும், கையோடு எடுத்துக்கொண்டு போனால் தட்டு அலுவலகத்துடையது. அதைப் பார்த்துக்கொண்டு நானும் நின்றேன். என் ஒப்பந்தமும் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதுதான். சேக்காட்டில் மகளைப் பார்த்துக்கொள்ளும் வீட்டிலிருந்து போன் வருமோ என்று இன்னொரு பக்கம் மனம் அடித்துக்கொண்டது. இது அநியாயம் சார் என்று சொல்லலாம். சொன்னால் என்ன நடக்கும்? அநியாயம் என்ற சொல்லைக் கேட்டு இயக்குநர் மனம் மாறியதாக அந்தக் கட்டடத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தலையை ஆட்டிவிட்டு இவளும் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிடுவார்.

"சார், சந்தனத்துல என்ன கலந்திருக்குன்னு மிசாகி மேடம் கேப்பாங்க. அது கலாக்காவுக்குத்தான் தெரியும். அவங்க போயிட்டா நாம தெரியாதுன்னு நிக்கணும்."

அவர் யோசித்தார். தெரியாது என்று நிற்பது அவருக்கு ஆகாது.

"சரி, அதைக் கேக்கிற வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் நேரா கேட்டுக்கு வெளிய."

இதை மட்டும் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இப்படிப்பட்டவர்களிடம் நியாயத்தைப் பேசினால் உங்களைத் தொந்தரவு என்பார்கள். அவர்களுக்கு வரப்போகும் சங்கடத்தைப் பேசுங்கள், காது கொடுப்பார்கள். இது உயர்ந்த குணம் என்று நான் சொல்லவரவில்லை. அன்று எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

இயக்குநர் வேட்டியைச் சரிசெய்யப் போன இடைவெளியில் ஜாடியைப் படம் எடுத்து, நடந்ததை இரண்டு வரியில் எழுதி மிசாகிக்கு அனுப்பினேன். அனுப்பியபின் ஐயோ, கேட்காமல் அனுப்பிவிட்டோமே என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'யாரும் தொட வேண்டாம். வருகிறேன்' என்று பதில் வந்தது.

மிசாகிக்கு என் வயதுதான் இருக்கும். வந்தவர் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. ஜாடியின் முன் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். அந்த முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. இயக்குநர் பக்கத்தில் போய் நின்று, எங்கள் பண்பாட்டில் பொருளுக்கும் உயிர் உண்டு என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். மிசாகி திரும்பாமலே உள்ளங்கையை லேசாக உயர்த்தி, "ப்ளீஸ்" என்றார். இயக்குநரை ஒற்றைச் சொல்லில் நிறுத்த முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு மிசாகி கலாக்காவிடம் கேள்விகள் கேட்டார். அவர் ஆங்கிலத்தையும் கலாக்காவின் தமிழையும் நான் மாற்றி மாற்றிச் சொன்னேன். சந்தனத்தில் என்ன கலந்தீர்கள்?

"பன்னீரு ஊத்திக் கொழச்சேன். ஒரு துளி மஞ்சத்தூளு."

எண்ணெய்?

"சந்தனத்துல யாரு மேடம் எண்ணெய ஊத்துவா? அவங்க ஊர்ல அப்டியா?"

குங்குமம் வீட்டில் செய்ததா, வாங்கியதா?

"பொட்டலம். பூந்தமல்லில வாங்கினது."

மிசாகி தலையாட்டிக் குறித்துக்கொண்டார். இயக்குநர் எனக்குக் கண்ணைக் காட்டினார், கேள்வி முடிந்தது, ஆளை அனுப்பலாம் என்று. அப்போது மிசாகி இன்னொன்று கேட்டார். யார் சொல்லி வைத்தீர்கள்?

நான் தமிழில் கேட்டேன். கலாக்கா இயக்குநரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார்தான் சொன்னாரு. எல்லாத்துக்கும் வையின்னாரு, கதவையும் தொறந்து உட்டாரு. நான் இன்னா பூட்ட ஒடச்சிக்கினா வந்தேன்?"

இயக்குநர் புன்னகை குலையாமல் தமிழில் என்னிடம், "சின்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்னு சொல்லுங்க, நித்யா. அவ்வளவு போதும்" என்றார்.

மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள். சின்னக் குழப்பம் என்று சொல்லிவிட்டால் என் வேலை பிழைக்கும். கலாக்கா கேட்டைத் தாண்டிவிடுவார். நான் என்ன சொன்னேன் என்றுகூட அவருக்குத் தெரியப்போவதில்லை. எனக்கு நன்றிகூடச் சொல்லிவிட்டுப் போவார். அதை நினைத்தபோதுதான் எனக்குக் கூசியது. கலாக்கா சொன்னதை வரிசை மாறாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

மிசாகி எழுந்து இயக்குநரிடம், "அப்படியா?" என்று கேட்டார்.

"பொதுவாகச் சொல்லப்போனால்..." என்றார் இயக்குநர்.

"கூடம் பூட்டியிருந்ததா?"

"நான் பூட்டினேன்" என்றேன்.

"திறந்தது யார்?"

"நாங்கள் திறந்தோம்" என்றார் இயக்குநர். சுவரில் எழுதியதிலிருந்து விளக்கின் கோணம்வரை எல்லாவற்றையும் 'நான்' செய்தேன் என்று சொல்கிறவர், பிறரையும் சேர்த்துக்கொண்டு பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

மிசாகி மாலைவரை வேலை செய்தார். சந்தனம் தானாகக் காயும்வரை காத்திருந்து, மெல்லிய தூரிகையால் அதைப் பொடிப்பொடியாக எடுத்தார். விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது கலாக்கா. பெரும்பகுதி வந்துவிட்டது. கூர்ந்து பார்த்தால் தெரியும் மூன்று இளஞ்சிவப்பு நிழல்கள் நின்றுவிட்டன.

"மன்னிச்சிக்கச் சொல்லு மேடம்" என்றார் கலாக்கா. சொன்னேன். பரவாயில்லை என்று மிசாகி சொல்லவில்லை. "இந்த ஜாடி இனி இப்படித்தான் இருக்கும்" என்றார். அதையும் அப்படியே சொன்னேன். கலாக்கா தலையாட்டினார். அந்த ஊரில் விதை போட்டு வைத்த காலத்தில் அதற்கும் யாராவது எதையாவது பூசியிருக்கலாம், கயிறு கட்டியிருக்கலாம். கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது அன்றைக்குக் கேட்கும் கேள்வி அல்ல.

கிளம்பும் முன் மிசாகி இரண்டு நிபந்தனைகள் வைத்தார். விடிவதற்குள் திறந்த மேடையில் இருக்கும் எல்லாவற்றுக்கும் கண்ணாடி. கண்காட்சி முடியும்வரை கூடத்தில் வேலை செய்கிற யாரையும் மாற்றக் கூடாது, புதிய ஆள் வந்தால் புதிய தவறு வரும், கலாக்கா இதை மறுபடி செய்யமாட்டார் என்றார். இயக்குநர் சம்மதித்தார். உரையாடல் அறுந்துபோவதைப் பற்றி அன்று அவர் பேசவில்லை.

மறுநாள் விழா. மாலை போட்டுக்கொண்டு மேடையேறிய இயக்குநர், யாரும் எதிர்பாராத விதமாக ஜாடியின் கதையை எடுத்தார். நம் எளிய பெண் ஒருத்தி தன் தெய்வத்தை அந்நிய மண்ணிலும் கண்டாள் என்றார். அந்தக் கணத்தில் தான் வாயடைத்து நின்றதாகச் சொன்னார். வாயடைத்தது என்னவோ உண்மை. முதலாளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிசாகிக்கு மொழி புரியாததால் எல்லோரும் கைதட்டியபோது அவரும் தட்டினார்.

கலாக்கா பின்வரிசையில் என் பக்கத்தில் நின்றிருந்தார். "இன்னா மேடம் இது. நேத்து கேட்டுக்கு வெளிய போன்னாரு, இன்னிக்கு என்னிய கோயில் கட்டி உள்ள உக்கார வெக்கிறாரு" என்றார். "அபிசேகம் பண்ணிடப் போறாரு, நான் போய் பாத்ரூம் கழுவுறேன்."

இயக்குநரின் மேடைப் பேச்சுதான் கலாக்காவைக் காப்பாற்றியது என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். கண்காட்சி முடிந்து பெட்டி கட்டியதும் அவரை அனுப்பிவிடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். ஆனால் முதலாளியம்மா வரும்போதெல்லாம், "பொட்டு வெச்ச அந்தம்மா எங்க?" என்று கேட்டார். விருந்தாளிகளைக் கூட்டிவந்து காட்டினார். தான் சொன்ன பொய்யில் தானே மாட்டிக்கொண்ட மனிதரால் கலாக்காவைத் தொட முடியவில்லை.

என்னைத் தொட முடிந்தது. ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. கேக் வெட்டினார்கள். நித்யா தன் மிகச் சிறந்த கலைப்படைப்பான குழந்தைக்காக நேரம் ஒதுக்க விரும்புகிறார் என்று இயக்குநர் பேசினார். நான் அப்படி எதையும் விரும்பிக் கேட்டிருக்கவில்லை. வேறு இடங்களில் வேலை கேட்டால் என்னைப் பற்றி அவரிடம்தான் விசாரிக்கிறார்கள், அவரும் பெருந்தன்மையோடு, நல்ல பெண், ஆனால் பதற்றம் அதிகம் என்கிறாராம். அது பொய்யில்லை.

இதைப் படித்துவிட்டு நீங்களும் துணிந்து நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டு வாடகையும் குழந்தையின் காய்ச்சலும் உங்களுக்கும் இருக்கும். மகளைத் தூங்கவைத்துக்கொண்டே அன்றைக்கு இன்னும் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாமோ, எங்கள் இருவர் வேலையும் தப்பியிருக்குமோ என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மென்மையாக, சுற்றிவளைத்து, மரியாதையாக, எப்படியெல்லாமோ மனதுக்குள் மாற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். 'சார்தான் சொன்னாரு' என்பதற்கு வேறு ஆங்கிலம் கிடைக்கவில்லை.